ஆகாயத்தாமரையின் வேர்

“படிச்ச படிப்புல இதுக்கு ஒரு பதிலு உண்டுமா டீச்சரே? எனக்க பிள்ளைக்கு இது எங்க இருந்து வந்துது?”

பகவதியின் அம்மா இதைக் கேட்டபோது வாசல் நிலைக்கு உள்ளே நின்றிருந்தார். நான் வெளியே, முற்றத்து வெயிலில் நின்றேன். பள்ளிக்கூடத்து டீச்சர் வீட்டுக்கு வந்தால் முதலில் உட்காரப் பலகை வரும், பின்னாலேயே கருப்பட்டிக் காப்பி வரும். அன்று இரண்டும் வரவில்லை.

உள்ளே இருட்டில் ஒரு கயிற்றுக் கட்டில் தெரிந்தது. அதில் ஒரு கால் மட்டும் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தது. எண்ணெய் பூசியிருந்ததால் மின்னியது. கணுக்கால் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு தெரியவில்லை.

அது பகவதியின் கால். அவள் என் நான்காம் பாரத்து மாணவி; இன்றைய கணக்கில் ஒன்பதாம் வகுப்பு. அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டு, தொடை இடுக்கில் நெறி கட்டி, கால் வீங்கியிருந்தது. இந்த அறிகுறிகள் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வராது. யானைக்கால். ஊர்ப் பேச்சில் மந்து.

போன வாரம் இந்தத் தொடரில் என் முதல் சம்பளத்துச் சேலையைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தச் சேலையைத்தான் அன்றும் கட்டியிருந்தேன். அதன் முந்தானையைக் கசக்கிக்கொண்டே நின்றேன்.

ஏனென்றால், பகவதியைக் குளத்தில் இறக்கி மந்து வரவைத்தவள் நான்தான் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது.

‘இக்காலஜி’ என்று ஒரு பாடம்

கதை ஒரு ஹாலில் தொடங்கியது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து கல்வி இலாகா அதிகாரி ஒருவர் நாகர்கோவிலுக்கு வந்து, சுற்றுவட்டாரத்தில் ஜீவசாஸ்திரம் நடத்துகிற ஆசிரியர்களையெல்லாம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டினார். மேல் வகுப்புகளில் ‘இக்காலஜி’ நடத்தலாமா, அதைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்டார். செடியைத் தனியாக, பூச்சியைத் தனியாக, மனிதனைத் தனியாக நடத்தாமல், ஒன்று இன்னொன்றை நம்பி எப்படி வாழ்கிறது, மண்ணும் தண்ணீரும் எல்லாவற்றையும் எப்படித் தாங்குகின்றன என்று சேர்த்து நடத்துவது. அவ்வளவுதான் விஷயம்.

“பரீட்சைக்கு உண்டுமா சார்?” என்று முதல் கேள்வி வந்தது. இப்போதைக்கு இல்லை என்றதும் பாதிப் பேர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள்.

“தவளைய அறுத்துக் காட்டவே நேரம் போரல்ல. இனி அது எங்க இருக்கு, என்னத்தத் திங்குன்னு அதுக்குப் பின்னால ஓடணுமாக்கும்” என்றார் ஒருவர். ஹால் சிரித்தது.

இன்னொருவர் உண்மையாகவே யோசித்துப் பேசினார். “வீடு வீடா டிடிடி மருந்து அடிக்காங்க. இன்னும் கொஞ்ச நாள்ல கொசுவும் இருக்காது, பூச்சியும் இருக்காது. இல்லாமப் போற சாதனத்துக்கு எதுக்கு சார் புதுசா ஒரு பாடம்?” பலர் தலையாட்டினார்கள். அந்தக் காலத்தில் அந்த வெள்ளை மருந்தின் மேல் எல்லோருக்கும் அப்படி ஒரு நம்பிக்கை.

என் பக்கத்தில் இருந்த வயதான டீச்சர் ஒருவர் மெதுவாக எழுந்தார். “பாடம் நல்ல பாடம்தான். ஆனா பொம்பளப் பிள்ளைகள வெளிய கொண்டுபோனா, திரும்பி உள்ள வர்றது வரை எனக்கு உயிரு இருக்காது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவரை யாரும் கேலி செய்யவில்லை.

நான் எழுந்தேன். எங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பது ஓக் மரமும், பனியில் ஒளிகிற முயலும். எங்கள் பிள்ளைகள் ஓக் மரத்தையும் கண்டதில்லை, அந்தப் பனியையும் கண்டதில்லை. கண்ணால் காணாத ஒன்று இன்னொன்றை நம்பி வாழ்கிறது என்று சொன்னால் அவர்களுக்கு அது மனப்பாடம் மட்டுமே. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பெரிய குளம் கிடக்கிறது. அதன் கரையில் வைத்து நடத்துகிறேன், பலன் என்ன என்று அடுத்த கூட்டத்தில் வந்து சொல்கிறேன் என்றேன்.

தவளைக்காரர் விடவில்லை. “கொளத்தங்கரையில நின்னு நடத்துததுக்கு எதுக்கும்மா டிகிரி?”

“டிகிரி இல்லேன்னா என்னைய இந்த ஹாலுக்குள்ள விட்டிருப்பியளா சார்?”

அதிகாரி சிரித்துவிட்டார். என் பெயரைக் கேட்டுக்கொண்டார். அன்று மாலை வடசேரிக்கு நடந்து போகையில் என் கால் தரையில் படவில்லை.

சந்தைக்காரர் மகள்

அந்தப் பெருமைக்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துப் படி ஏறியதில்லை. அப்பா வடசேரிச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்தார். எழுத்து தெரியாது. குலையைத் தட்டிப் பார்த்து எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லுவார். நான் பி.எஸ்ஸி. தேறிய அன்று சந்தை முழுக்கப் பாளையங்கோட்டன் பழம் விநியோகம் செய்தார். என்ன பாஸ் என்று கேட்டவர்களிடம், “எல்லாம்தான்” என்று பதில் சொன்னாராம்.

மந்து என்றால் என்ன என்று நான் தெரிந்துகொண்டதும் அந்தச் சந்தையில்தான். கீரைக்கட்டு விற்கிற ஒரு பெண் இருந்தார். சாக்கை மடித்துக் காலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீரை பச்சைப் பசேலென்று இருக்கும். வாங்குகிறவர்கள் மட்டும் காசைத் தூரத்திலிருந்தே போடுவார்கள். ஒரு நாள் சாக்கு விலகிவிட்டது. நான் பார்த்தேன். கால் மாதிரி இல்லை, மரத்தின் அடி மாதிரி இருந்தது. விரல்கள் உள்ளே புதைந்திருந்தன.

“அங்ஙன பாக்காத மக்களே” என்று அப்பா என் முகத்தைத் திருப்பினார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. குளிக்கும்போது பெருவிரலால் கணுக்காலை அழுத்திப் பார்ப்பேன். குழி விழுகிறதா, உடனே நிறைகிறதா என்று. படித்த பிறகும் அது போகவில்லை. படித்த பிறகு கூடிவிட்டது.

திருவனந்தபுரத்தில் கல்லூரியில் அந்தக் காலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று படித்தேன். எங்கள் பக்கத்தில் அந்த நோயைப் பரப்புகிற கொசுக்களில் ஒன்றின் புழுவைக் கண்ணாடித் தொட்டியில் காட்டினார்கள். மற்றக் கொசுப்புழுக்கள் மூச்சு வாங்கத் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வரும். மண்ணெண்ணெய் ஊற்றினால் செத்துப்போகும். இந்தப் புழு மேலே வருவதே இல்லை. வால்நுனியில் இருக்கிற கூரான குழாயை ஆகாயத்தாமரையின் வேரில் குத்தி, வேருக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சிக்கொண்டு அடியிலேயே கிடக்கும்.

ஆகாயத்தாமரையைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். குட்டி முட்டைக்கோஸ் மாதிரி தண்ணீரில் மிதக்கும். தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கும். எங்கள் மேற்குப் பக்கத்தில் பாயல் என்று சொல்லுவார்கள். செடி இல்லை என்றால் புழு இல்லை, புழு இல்லை என்றால் அந்தக் கொசு இல்லை. இதைவிட நல்ல இக்காலஜிப் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

குளத்தங்கரையில்

குளத்துக்கு நான்காம் பாரத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். வரிசையாகத்தான் போனார்கள். கரையில் ஏறியதும் வரிசை போய்விட்டது. நீர்க்காகம் முங்கி எழுவதைப் பார்த்து ஒருத்தி கத்தினாள். தும்பி வந்து ஒருத்தியின் சடையில் உட்கார்ந்தது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் கேள்வியாகக் கேட்டார்கள். நாற்பது நிமிஷம் நான் பாடம் நடத்தவே இல்லை, பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி ஒரு வகுப்பு எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

குளத்து மூலையில் கொஞ்சம் ஆகாயத்தாமரை ஒதுங்கியிருந்தது. கொக்கி கட்டிய மூங்கில் கம்பு கொண்டுபோயிருந்தேன். எட்டவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லுவதற்குள் பகவதி பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி, ஒரு செடியைத் தூக்கிவிட்டாள்.

“ஏட்டி, அட்டை கடிக்கும்” என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

“கடிச்சா டீச்சருக்குக் குடுப்பேன், அறுத்துப் பாக்கட்டும்” என்றாள்.

வெள்ளைக் கும்பாவில் வேரை அலசினோம். ஒரே ஒரு புழு விழுந்தது. பூதக்கண்ணாடியை ஆள் மாற்றி ஆள் வாங்கிப் பார்த்தார்கள்.

ஒரு வாரம் கழிவதற்குள் பகவதிக்குக் காய்ச்சல் வந்தது.

பேருந்தில் கேட்டது

வடசேரியிலிருந்து நான் போகிற பேருந்தில் எப்போதும் ஒரே முகங்கள். அந்த வாரம் எனக்குப் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

“இவளாக்குமா?”

“மெல்லப் பேசு. இவளேதான். பாடம் படிச்சுக் குடுக்கேன்னு பிள்ளைகள அழுக்கு வெள்ளத்துல எறக்கினவ.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இருவரும் தங்கள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்ட சத்தம் மட்டும் கேட்டது.

வகுப்பில் சில இடங்கள் காலியாயின. தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். “இனி ஒரு பிள்ளையும் கேட்டைத் தாண்டி வெளிய போகப்பிடாது. குளத்துல இருந்துதான் வந்துதுன்னு அந்த வீட்டுல உறுதியாச் சொன்னா, நான் அப்படியே மேல எழுதணும். உங்க வேலை தற்காலிகம். அதுக்கு மேல நான் சொல்லணுமா? எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இனி இந்தப் பாடத்தப் பத்திப் பேச்சே வராது” என்றார்.

நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். ஒரு நாள் கடியில் இது வராது, மாதக்கணக்காகக் கடித்திருக்க வேண்டும் என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இல்லை. டாக்டர் சொன்னது சரியாக இல்லாவிட்டால் என்ற எண்ணம் மட்டும் கூடவே வந்தது. அந்தக் குளத்தங்கரையில் நானும்தான் நின்றேன். வகுப்பு முழுக்கத்தான் நின்றது.

அந்த வாரம் குளிக்கும்போது கணுக்காலை எவ்வளவு அழுத்தினேனோ, கன்றிப்போயிருந்தது. கன்றியதைப் பார்த்து அதற்கும் பயந்தேன்.

பின்பக்கம்

அப்படித்தான் பகவதி வீட்டு முற்றத்தில் வந்து நின்றேன். சிதறால் மலைக்குப் போகிற பாதையில், நாங்கள் தெங்கு என்கிற தென்னைகளுக்கு நடுவே இருந்தது வீடு. அவளுடைய அப்பா தோட்ட வேலைக்குப் போயிருந்தார்.

படிப்பில் இதற்குப் பதில் உண்டா என்று பகவதியின் அம்மா கேட்டார். முகம் கழுவக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றேன்.

“நில்லுங்க, நான் கொண்டு வாறேன். பொறத்தால போவண்டாம்” என்றார் அவர் அவசரமாக.

நான் அதற்குள் வீட்டைச் சுற்றி நடந்துவிட்டேன்.

பின்னால் ஒரு குளம். குளம் என்று நாற்றத்தை வைத்துத்தான் தெரிந்தது. கயிற்றுக்குத் தேங்காய் மட்டை, எங்கள் பேச்சில் தொண்டு, ஊறுகிற நாற்றம். தண்ணீர் ஒரு துளிகூடக் கண்ணில் படவில்லை. கரைக்குக் கரை ஆகாயத்தாமரை, பாய் விரித்த மாதிரி. கோழி ஒன்று அதன் மேல் இறங்கலாமா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தது.

அங்கே கிடந்த செம்பை எடுத்து, ஒரு செடியைப் பிடுங்கி அதற்குள் வேரை உதறினேன். செம்புக்குள் தண்ணீர் நெளிந்தது. பள்ளிக்கூடத்துக் குளத்தில் ஒரே ஒரு புழுவுக்கு வகுப்பு முழுக்க வரிசையில் நின்றது. இங்கே எண்ணவே முடியவில்லை.

“அதப் போட்டுருங்க டீச்சரே” என்றபடி பகவதியின் அம்மா அடுக்களைப் படியிலிருந்து இறங்கினார். படி உயரம். இறங்கும்போது முண்டு ஒதுங்கியது. அவருடைய இடது காலைப் பார்த்தேன்.

அவர் என் பார்வையைப் பார்த்தார். முண்டை இழுத்து மூடிக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வாசலில் நிலைக்கு வெளியே ஏன் வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

“கெட்டிக்கிட்டு இஞ்ச வந்த பொறவு வந்தது. அவளுக்க அப்பனுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும். வேற ஆருக்கும் தெரியாது. கோயிலுக்கும் போவேல்ல, கலியாணத்துக்கும் போவேல்ல” என்றார்.

“இது இந்தப் பாயல்ல இருந்துதான் வருது. இதை வாரி எடுத்துரணும்” என்றேன்.

“இது தெங்குக்கு வளமாக்கும். மழைக்கு முன்ன வாரித் தடத்துல போடுவோம். மூலையில கொஞ்சம் விதைக்கு விட்டா, திரும்பவும் நெறயும். எல்லா வீட்டுலயும் செய்யுததுதான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நான் கேட்டது அது இல்ல டீச்சரே. தள்ளைக்கும் உண்டு, பிள்ளைக்கும் உண்டுன்னு வெளிய தெரிஞ்சா, இது குடும்பத்து ரெத்தத்துல உள்ள ஏனக்கேடுன்னு ஊரு சொல்லும். இவளுக்கு எளயது ரெண்டும் பெண்ணு. ஆரு வருவா கெட்ட? கொளத்துல எறக்கினதுல வந்ததுன்னு நிங்க ஒரு வாக்குச் சொன்னா போரும். பள்ளிக்கூடத்துல தெரியாம நடந்த ஒரு அபகடம். அவ்வளவுதான். அய்யாவாண சொல்லுதேன், உங்கமேல எனக்குக் கோவம் இல்ல.”

செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஊர் என் மேல் போட்டிருந்த பழி பொய் என்பதற்கு அத்தாட்சி செம்புக்குள் நெளிந்துகொண்டிருந்தது. அதை நான் வெளியே காட்டினால் இந்த வீடு போகும். காட்டாவிட்டால் என் வேலை போகும், அந்தப் பாடம் போகும். இந்தக் குளமும் இப்படியே கிடக்கும். இளையதுகள் இரண்டும் இதன் கரையில்தான் விளையாடும்.

“பொய் சொன்னா இந்தக் கொசு நிக்குமாம்மா?” என்றேன்.

“நிங்களுக்கென்ன, இந்தப் பாடம் இல்லேன்னா இன்னொரு பாடம். எனக்கு இன்னொரு பிள்ளையா?”

அப்போது உள்ளேயிருந்து காய்ச்சல் குரலில் பகவதி கூப்பிட்டாள். “டீச்சர்! வேருல நெறய இருக்கா?”

“ஏட்டி, மிண்டாத கெட” என்றார் அம்மா.

“நான் அண்ணைக்கே வீட்டுல சொன்னேன் டீச்சர், நம்ம கொளத்துல கூடுதல் உண்டும்னு. அம்மை என்னைய அடிச்சா.”

நான் செம்பைப் படியில் வைத்துவிட்டுப் பேருந்துக்கு நடந்தேன்.

வாழைக்காய் அழுத்துகிற மாதிரி

மறுநாள் ஞாயிறு. எங்கள் வீட்டை ஒட்டி அப்பா குலை அடுக்கி வைக்கிற கொட்டகைக்குப் பின்னால் ஒரு ஓடை போகிறது. அதுவரை அதை நான் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வாழைச்சருகுக்கு நடுவே ஆகாயத்தாமரை பச்சையாக மிதந்தது. ஒன்றைப் பிடுங்கினேன்.

“சாக்கடைக்குள்ள கைய விடுதியே மக்களே. பி.எஸ்ஸி. படிச்சது இதுக்குத்தானா?” என்றார் அப்பா.

ஹார்லிக்ஸ் போத்தலில் உதறினேன். அடியில் போய் வளைந்து கிடந்தன, இரண்டோ மூன்றோ. பி.எஸ்ஸி. படித்தவளின் வீட்டுக்குப் பின்னால், இத்தனை வருஷமாக.

அப்பாவை உட்காரவைத்து அவர் கணுக்காலை அழுத்தினேன். அவர் சிரித்தார். “என்ன, வாழைக்கா பழுத்துதான்னு பாக்கியா?” நான் சிரிக்கவில்லை. குழி விழுந்த மாதிரியும் இருந்தது, விழாத மாதிரியும் இருந்தது. நாள் முழுக்க நிற்கிற கால். எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகத்தான் தடை. வெளியே உள்ளதை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வடசேரியில் பக்கத்தில் இருந்த இரண்டு மாணவிகளிடம், மற்றவர்களுக்கும் சொல்லச் சொல்லி அனுப்பினேன். ஒவ்வொருத்தியும் அவரவர் வீட்டுப் பக்கத்துத் தண்ணீரிலிருந்து ஒரு பாயல், வேரோடு, ஒரு போத்தலில்.

திங்கட்கிழமை

அரிஷ்டப் போத்தல், ஊறுகாய்ப் பரணி, மருந்துப் போத்தல், ஒருத்தி தேங்காய்ச் சிரட்டையில். ஜன்னல் ஓரம் நிறைந்துவிட்டது. அத்தனையும் பச்சை. எங்கள் வகுப்பறை ஒரு குளம் மாதிரி நாறியது.

தலைமையாசிரியை நாற்றத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார். “நான் என்ன சொல்லியிருந்தேன்?”

“யாரும் வெளிய போகல்ல டீச்சர்.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். பூதக்கண்ணாடி வழியே ஒரு போத்தலைப் பார்த்தார். கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. “இது யார் வீட்டுது?”

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீடும் பின்கதவைச் சாத்தி வைத்திருக்கிறது.

“அது எங்க வீட்டுது” என்றேன். “வடசேரியில, அப்பாவுக்க கொட்டகைக்குப் பின்னால.”

பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். “அரிஷ்டப் போத்தல் எங்க வீடு டீச்சர்.” பிறகு இன்னொருத்தி. பிறகு மூன்று பேர் சேர்ந்து. கடைசியில் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “சிரட்டையில உள்ளது நம்ம ஸ்கூல் கெணத்தடித் தொட்டி. வரும்போது எடுத்தேன்.”

தலைமையாசிரியை சேலைக் கரையை இழுத்துக் கணுக்காலை மூடிக்கொண்டார். தாம் அப்படிச் செய்வது அவருக்கே தெரியவில்லை.

“பகவதி விஷயத்துல நான் மேல என்ன எழுதட்டும்? குளமா, வீடா?” என்றார் என்னை வெளியே கூப்பிட்டு.

“எல்லார் வீட்டுலயும் உண்டுன்னு எழுதுங்க. பள்ளிக்கூடத்துலயும் உண்டு, டீச்சர் வீட்டுலயும் உண்டு. ஒரு குடும்பத்துப் பேரையும் எழுத வேண்டாம்.”

அவர் பூதக்கண்ணாடியை என் கையில் திணித்தார். போய்விட்டார்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் வடசேரிப் பேருந்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போகிற பேருந்தில் ஏறினேன். மடியில் ஹார்லிக்ஸ் போத்தல். காலடியில் மூங்கில் கம்பு. கண்டக்டர் கம்புக்கும் டிக்கெட் உண்டா என்று கேட்டுச் சிரித்தார். வேலை இருக்குமா என்று தெரியாது. அந்த அம்மா உள்ளே விடுவாரா என்று தெரியாது. எந்தக் கடியில் எந்த வருஷம் எந்தக் கால் வீங்கும் என்று யாருக்குமே தெரியாது. படித்ததால் எனக்குக் கூடுதலாகத் தெரிந்தது இந்த ஒன்றுதான்.

பகவதியின் அம்மா கொல்லைப் படியில் இருந்தார். போத்தலை நீட்டினேன்.

“இது எங்கத்த?”

“எங்க வீட்டுல உள்ளது. வகுப்புல எல்லாருக்க வீட்டுலயும் உண்டு. இன்னைக்கு எல்லாரும் எல்லார் முன்னாலயும் சொல்லியாச்சு. இனி இது உங்க குடும்பத்துல மட்டும் உள்ளதுன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது.”

அவர் போத்தலைப் பார்க்கவில்லை. என் பாதங்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் சேலையைக் கொஞ்சம் தூக்கி, பார்க்கட்டும் என்று நின்றேன்.

“இந்த வருசத்துத் தெங்குக்கு என்ன போட?” என்றார் கடைசியில்.

“வாரினதையே போடலாம். கரையில காய்ஞ்சா புழு செத்துப்போகும்.”

“செரி. ஆனா மூலையில கொஞ்சம் விதைக்கு விடணும் டீச்சரே. அந்தத் தொண்டுக் குழிப் பக்கம் உள்ள மூலை...”

அவர் சொல்லி முடிப்பதற்குள், முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி நின்று, அந்த மூலையில்தான் கொக்கியைப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தேன்.